முடிச்சுப் போடாமல் அறுத்தவன்

எங்கள் துறையில் ஒருவன் அடுத்தவனுடைய மிதவைக் கயிற்றை அறுப்பதற்கு முன்னால் முடிச்சுப் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் இந்த மெய்ன் கரையில் சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிற யாருக்கும் தெரியும். உன் கூண்டு என் தண்ணீரில் கிடந்தால், உன் மிதவையின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன். மறுநாள் நீ வந்து பார்ப்பாய். கூண்டை நகர்த்துவாய், இல்லையென்றால் என் வாசலில் வந்து நின்று கத்துவாய். இரண்டுமே நடக்காவிட்டால்தான் கத்தி. கயிறு போனால் கூண்டு போனது போலத்தான். கடலடியில் கிடப்பதை யார் தேடி எடுப்பது?

ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை காலை மூடுபனியில், கேலன் ஒரு முடிச்சுக்கூடப் போடாமல் டுவைட்டின் நாற்பது கயிறுகளை அறுத்தான்.

கேலன் வீட்டுக்குப் பின்பக்க அறையில்தான் நான் வாரத்துக்கு நான்கு நாள் வேலை செய்கிறேன். அவன் மனைவி ரோண்டாவுக்கு நண்டு உரித்து விற்க உரிமம் இருக்கிறது. அவித்து ஆறிய நண்டுகள் மேஜைமேல் மலையாகக் கிடக்கும். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குட்டைக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, காலிலிருந்தும் கொடுக்கிலிருந்தும் சதையைத் தள்ளி, சின்ன டப்பாக்களில் அடைப்போம். ஒரு துண்டு ஓடு சதையோடு போனாலும் உணவகக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்பதால் வாய் பேசும்போதும் கண் மேஜையிலேயே இருக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தாலும் நாற்றம் போகாது. "என் புருஷன் மேல மீன் நாத்தம், என் மேல நண்டு நாத்தம். அதனாலதான் எங்களுக்குள்ள சண்டையே இல்ல" என்பாள் ரோண்டா. பதினான்கு வருஷக் கல்யாணம். கேலன் கடலிலிருந்து வந்ததும் முதலில் இந்த அறைக் கதவைத் திறந்து, உள்ளே வராமல், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். நான் இருக்கிறேனே என்று இரண்டு பேருக்கும் வெட்கம் கிடையாது.

அவர்களுக்கு ஒரே மகள், டெஸ்ஸி. ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறை. முன்பெல்லாம் துறைமேடையில்தான் திரிவாள். ஈரப்பலகை, இரும்புக் கொக்கி, பின்னோக்கி எடுக்கிற வண்டிகள், எல்லாமாகச் சேர்ந்து ரோண்டாவின் உயிரை எடுத்தன. போன கிறிஸ்துமஸுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் குழந்தைகள் இணையத்தில் சேர்ந்து ஊர் கட்டி விளையாடுகிற ஒரு ஆட்டம். டெஸ்ஸி எங்கள் துறையையே அதில் கட்டியிருந்தாள். தேவாலயம், ஐஸ் கிடங்கு, அப்பாவின் வெள்ளைப் படகு. கோடையில் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், விழ மாட்டாள், மூழ்க மாட்டாள் என்று ரோண்டா நிம்மதியாக இருந்தாள். நாங்கள் உரிக்கிற மேஜைக்கும் அவள் உட்கார்கிற சோபாவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான்.

ஜூலைக் கடைசியில் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாள். படுக்கையை நனைத்தாள். ஒரு நாள் காலை கேலனின் ரப்பர் பூட்ஸைக் காணவில்லை. வீட்டையே புரட்டிவிட்டு, ஒழுகுகிற பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு திட்டிக்கொண்டே போனான். பூட்ஸ் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அடுத்த நாள் படகுச் சாவியைக் காணவில்லை. அது மாவு டப்பாவுக்குள் இருந்தது. நாய்தான் இழுத்துப் போட்டிருக்கும் என்று டெஸ்ஸி சொன்னாள். நாய் மாவு டப்பாவைத் திறந்து மூடுமா என்று ரோண்டா கேட்டபோது பிள்ளை மாடிக்கு ஓடிவிட்டாள். சாயங்காலம் வரை மாடி ஜன்னலில் உட்கார்ந்து, துறைக்குள் நுழைகிற படகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை தூங்கியதும் ரோண்டா டேப்லெட்டை எடுத்து வந்து, நண்டு மேஜையில் இடம் ஒதுக்கி வைத்துப் படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஒரு நாய்க்குட்டிப் படம் போட்டுக்கொண்டு ஒருவன் அந்த ஆட்டத்துக்குள் ஆறு வாரமாக அவளோடு பேசியிருக்கிறான். முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொம்மைகளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறான். பிறகு அவள் வீட்டு நாயின் படம் கேட்டான், அனுப்பினாள். அவள் கட்டிலின் படம் கேட்டான், அனுப்பினாள். அதன் பிறகு கேள்விகள். அம்மா எங்கே? பின்னாடி நண்டு உரிக்கிறாங்க. கதவு சாத்தியிருக்கா? சாத்தியிருக்கு. அப்பா எப்ப வருவாரு? மூணு மணிக்கு. அப்புறம் அவன் வேறு மாதிரிப் படம் கேட்டான். மாட்டேன் என்றாள். அம்மாவிடம் சொல்வேன் என்றாள். அதற்கு அவன் எழுதியிருந்தது: சொன்னால் உன் அப்பா படகை மூழ்கடிப்பேன். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்.

டெஸ்ஸி கட்டிய பொம்மைத் துறையில், அவள் அப்பாவின் வெள்ளைப் படகுக்குப் பக்கத்தில், புதிதாக இன்னொரு படகு நின்றது. மேலே மஞ்சள், கீழே கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளை வளையம்.

கதவு சாத்தியிருக்கா என்ற வரியில் விரலை வைத்தபடி ரோண்டா பலகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலில் நண்டுச் சதை ஒட்டியிருந்தது.

கேலன் மூன்று மணிக்கு வந்தான். நின்றபடியே படித்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், இரண்டு தடவை படித்தான். அதற்குள் ரோண்டா மாநிலப் போலீஸுக்குப் பேசியிருந்தாள். இதற்கென்றே இருக்கிற ஒரு பெண் அதிகாரி வியாழக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். எதையும் அழிக்காதீர்கள், அவனுக்குப் பதில் எழுதாதீர்கள், பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள் என்றார். கேலன் காதில் இதில் எதுவும் ஏறவில்லை.

"இது டுவைட்டோட நிறம்" என்றான்.

எங்கள் பக்கம் ஒவ்வொருவனுக்கும் மிதவைக்கு ஒரு நிறம். உரிமத்தில் பதிந்திருக்கும், படகின் உச்சியிலும் அந்த நிற மிதவை ஒன்றை மாட்டியிருப்பான். தூரத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்தாலும் யாருடையது என்று சொல்லிவிடலாம். மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையம் டுவைட்டின் தாத்தா காலத்து நிறம். கோழிப்பாறைக்குப் பக்கத்துத் தண்ணீர் யாருடையது என்பதில் கேலனும் டுவைட்டும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. டுவைட் வீட்டில் அவன் தம்பி ரோலண்ட் இருக்கிறான். முப்பத்திரண்டு வயது. கூண்டோடு வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனதிலிருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடப்பவன்.

"பொம்மைப் படகு கேலன். எவன் வேணா எந்த நிறம் வேணா பூசலாம்" என்றாள் ரோண்டா.

"எவன் பூசுவான் இந்த நிறத்த? படக மூழ்கடிப்பேன்னு ஊருக்கு வெளிய எவன் சொல்வான்? ஆபீஸ்ல குந்தியிருக்கிறவனுக்கு அது தெரியுமா? எங்கள மாதிரி ஆளு வாயில வர்ற பேச்சு இது."

"போலீஸ் வரட்டும். ரெண்டே நாளு."

"வரட்டும். நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான் அவன். அவன் அவ்வளவு பணிவாகப் பேசியபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பி வந்தான். ஒரு கூண்டுகூடத் தூக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நான்கு முட்டை பொரித்துத் தரச் சொன்னான். பன்றி இறைச்சியும் கேட்டான். முகத்தில் தூக்கம் தெளிந்தவன் மாதிரி ஒரு களை. நாற்பது என்றான். கத்தியைத் துடைத்து மேஜைமேல் வைத்தான்.

அவன் பாதி முட்டையைத் தின்றதும் ரோண்டா அடுப்பை அணைத்தாள்.

அன்று காலை, அதிகாரி சொன்னதையும் மீறி, அவள் பிள்ளையை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அந்தப் படகுக்கு யார் நிறம் பூசியது என்று. டெஸ்ஸி சொன்னதை இப்போது கேலனிடம் அப்படியே சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு ஊர்ல யாரப் புடிக்காதுன்னு அவன் கேட்டிருக்கான். டுவைட்னு இவ சொல்லியிருக்கா. டுவைட் படகு என்ன நிறம்னு கேட்டிருக்கான். அதையும் சொல்லியிருக்கா. மறுநாள் அந்தப் படகு வந்து நின்னிருக்கு. பக்கத்துலயே இருக்கான்னு பிள்ள நம்பிட்டா. நீயும் நம்பிட்ட. அவ ஒம்போது வயசுப் பிள்ள. நீ?"

கேலன் வாயில் இருந்த முட்டையை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

மத்தியானம் டுவைட்டின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. ரோலண்ட் முன் இருக்கையில் இருந்தான், இறங்கவில்லை. அவனுக்கு இறங்கி ஏறுவது பெரும்பாடு. கேலன் வெளியே போனான். மறைக்கவில்லை. தான் அறுத்ததையும் ஏன் அறுத்தான் என்பதையும், அது தப்பு என்று காலை பத்து மணிக்குத் தெரிந்ததையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தான். நாங்கள் வாசற்கதவில் நின்றோம்.

ரோலண்ட்தான் முதலில் பேசினான். "அது பால்குடி மறக்காததுங்க ஆடுற ஆட்டம் கேலன். நான் ஆடுறதுல எல்லாம் கிழவனுங்க, குதிர மேல உக்காந்து சண்ட போடுவோம். பத்து வருஷமா என்னைப் பாக்குற. இப்படி நெனைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"



டுவைட் நிதானமாகப் பேசுகிறவன். "ஒரு முடிச்சுப் போட்டிருந்தா, நான் எட்டு மணிக்கு உன் வாசல்ல நின்னிருப்பேன். என்னடா முடிச்சுன்னு கேட்டிருப்பேன். நீ சொல்லியிருப்ப. ஒம்போது மணிக்கு நானும் நீயும் சேர்ந்து அந்த நாயத் தேடியிருப்போம். என் தம்பிய வாசல்ல வச்சுச் சந்தேகப்பட்டிருந்தாக்கூட மூஞ்சில ஒண்ணு குடுத்துட்டு விட்டிருப்பேன். முடிச்சு எதுக்கு இருக்கு? பேசாதவனுங்க பேசுறதுக்குத்தான இருக்கு."

"நாப்பது கூண்டும் தர்றேன்" என்றான் கேலன்.

"உன் கூண்டு எனக்கு எதுக்கு? கடல் போலீஸுக்குப் போனா உன் உரிமம் மூணு வருஷம் போகும். அதுவும் எனக்கு வேண்டாம். நான் அறுப்பேன். இன்னிக்கு அறுக்க மாட்டேன். நாளைக்கும் மாட்டேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். நீ தினமும் போய்ப் பாரு."

வண்டி போனபிறகு ரோண்டா மாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. டெஸ்ஸி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். டேப்லெட்டை ஒரு பையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டார். பிள்ளையோடு தனியாக ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்து, நீ செய்தது தப்பே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்குப் போதாது, சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார். ரோண்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது சொன்னாள், தலை வாரும்போது சொன்னாள். டெஸ்ஸி சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

அடுத்த ஒன்பது நாளும் கேலன் இருட்டோடு போய்த் தன் மிதவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காதது அவனை இன்னும் கொஞ்சம் அரித்தது. டுவைட்டின் படகு அரை மைல் தூரத்தில் நின்று, எதுவும் செய்யாமல், இவன் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். கேலனுக்கு எடை குறைந்தது. அவனுக்கு இது வேண்டியதுதான் என்று ரோண்டா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவனுக்குக் கிளாம் சிப்பி சூப்பில் கிரீமை அள்ளி ஊற்றி வைத்தாள்.

அதிகாரி அடுத்த வாரம் கூப்பிட்டார். ஆள் இந்தக் கரையிலேயே இல்லை, தேசத்தின் அந்தக் கோடியில் ஏதோ ஊர். வீடு தெரிந்துவிட்டது, பெயர் இப்போது சொல்ல முடியாது. அவனிடம் இன்னும் பல பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள். குதிரைப் பண்ணையில் இருக்கிற ஒரு சிறுமியிடம் உன் குதிரைக்கு விஷம் வைப்பேன் என்றானாம். ரோண்டா போனை வைத்துவிட்டு ஒரு நண்டை எடுத்தாள். அவள் அழுத்திய வேகத்தில் ஓடு தூளாகிச் சதையோடு கலந்துவிட்டது. அந்த டப்பாவை அப்படியே குப்பையில் கவிழ்த்தாள்.

"படகு கடல்ல ஓடுறத அவன் பாத்தது கூட இல்ல. என் பிள்ளகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு என் பிள்ளையவே பயமுறுத்தியிருக்கான்" என்றாள். பிறகு ஏப்ரனைக் கழற்றினாள். "வர்றியா?"

டுவைட் தன் துறைமேடையில் கூண்டில் இரை வைக்கிற வலைப்பைகளில் உப்பு மீனை அடைத்துக்கொண்டிருந்தான். ஈக்கள் மொய்த்தன. ரோண்டாவும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நலம் விசாரிக்கவெல்லாம் அவள் நிற்கவில்லை.

"நாளைக்கே அறுத்துடு டுவைட்."

"புருஷன் அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரியாது. நீ அவனக் காய விடுறது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. இன்னும் ஒரு மாசம்கூடக் காய விடு, நான் கேக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு நீ முற்றத்துல நின்னு சொன்னப்ப என் பிள்ள மாடியில இருந்தா. அவளுக்கு அந்த ஆளும் நீயும் ஒண்ணாயிட்டீங்க. மஞ்சள் படகு வரும், அப்பா படகு போகும். அந்த நாய் ஆரம்பிச்சு வச்சத நீ தினமும் நடத்திக்கிட்டிருக்க. ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. ராத்திரி நனைக்கிறா."

டுவைட் கையில் இருந்த மீனைத் தொட்டியில் போட்டான். தன் படகின் உச்சியில் மாட்டியிருந்த மிதவையை ஏறிட்டுப் பார்த்தான்.

"மன்னிச்சு விடுன்னு கேக்கிறியா?"

"இல்ல. மன்னிச்சா அவ நம்ப மாட்டா. இந்தத் துறையில பிறந்த பிள்ள. நீ அறுக்காம விட்டா, என்னிக்கோ அறுக்கப் போறன்னுதான் நினைப்பா. அறு. நாப்பது அறு. முடிஞ்சதுன்னு அவ காதுல விழுற மாதிரி சொல்லு."

வீட்டுக்குள்ளேயிருந்து ரோலண்டின் குரல் கேட்டது. "முப்பத்தொம்போது அறுத்துட்டு ஒண்ண எனக்கு விடு. என்னைப் பத்தி அவன் அப்படி நினைச்சதுக்கு."

டுவைட் அதற்குச் சிரிக்கவில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு ரேடியோவைப் போட்டு வையுங்கள் என்று மட்டும் சொன்னான்.

கடலோடிகள் வீட்டுச் சமையலறையில் எல்லாம் படகு ரேடியோ ஒன்று இருக்கும். காலையில் டெஸ்ஸியை ரோண்டா அதன் முன்னால் உட்கார வைத்தாள். நானும் கத்தியை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். எட்டு அடித்ததும் கரகரப்புக்கு நடுவே டுவைட்டின் குரல் வந்தது. துறை முழுக்கக் கேட்கிற அலைவரிசையில் பேசினான்.

"கேலன், உன் கோழிப்பாறை வரிசையில நிக்கிறேன். நேத்து சாயங்காலம் உன் முதல் மிதவையில முடிச்சுப் போட்டுட்டேன். பாத்தியா?"

"பாத்தேன்" என்றது கேலனின் குரல்.

"அறுக்கிறேன்."

"அறு."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் வேறு யாரும் அந்த அலைவரிசையில் பேசவில்லை. எத்தனையோ படகுகள் வேலையில் இருந்தன.  ஒவ்வொரு கயிற்றுக்கும் டுவைட் எண் சொன்னான். டெஸ்ஸி விரலில் எண்ணினாள். இருபதுக்கு மேல் உதடும் அசைந்தது. நாற்பதாவதைத் தான் அறுக்கவில்லை என்றான் டுவைட். ரோலண்டைச் சாக்கு மூட்டைகள்மேல் சாய்த்துப் படகில் கொண்டுவந்திருந்தானாம். கத்தியை அவனிடம் கொடுத்தானாம். ரோலண்ட் நாற்பது என்று சொல்லும்போது மூச்சு வாங்கியது.

டுவைட்டின் குரல் மறுபடி வந்தது. "டெஸ்ஸி, கண்ணு, கேக்குறியா? நான் டுவைட். உங்கப்பா என்னோடத அறுத்தாரு, நான் அவரோடத அறுத்துட்டேன். தீந்துபோச்சு. படகுமேல நான் கைவைக்க மாட்டேன், வேற எவனையும் வைக்க விடமாட்டேன். உன்கிட்ட அந்த மெஷின்ல பேசினவன் என்னைப் பாத்தது கூட இல்ல. என் நிறத்த அவன் திருடிட்டான். எனக்கும் அவன் மேல கோவம்தான்."

ரேடியோ கரகரத்து நின்றது. டெஸ்ஸி தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். அது முடிந்ததும் இன்னொன்று கேட்டாள். ரோண்டா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெண்ணெய் தடவினாள். அவள் தோள் குலுங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

"அம்மா, அந்த ஆளுக்குக் கயிறு இருக்கா?"

"எந்த ஆளு?"

"மெஷின் ஆளு. அவனுக்கும் ஏதாவது இருக்கும்ல அறுக்கிறதுக்கு?"

ரோண்டா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தாள்.

"இருக்கும். எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். அவன் பேர் தெரியட்டும், கோர்ட்டுக்குக் கொண்டு வரட்டும். எவ்வளவு தூரம்னாலும் போய் முன்வரிசையில உக்காருவேன். ஒரு நாள் விடாம உக்காருவேன்."

டெஸ்ஸி ரொட்டியை மென்றபடி யோசித்தாள்.

"அப்பாவ அனுப்பாத. அப்பா தப்பான கயிற அறுத்துட்டு வந்துடுவாரு."

ரோண்டா சிரிக்கவில்லை.

"நான்தான் போவேன்" என்றாள்.